அபியின் பெயர் எழுதிய சீட்டு

அன்புள்ள உனக்கு,

என் அலுமாரியின் மேல்தட்டில் இருந்த உன் கலண்டர் தாள்களை இன்று காலைதான் இறக்கினேன். சுருளைப் பிரித்ததும் நீ நெற்றியில் பூசுகிற தைலத்தின் மணம் வந்தது. நீ போய்ப் பதினொரு மாதமாகிறது, அந்த மணம் மட்டும் போகவில்லை. இதற்குப் பயந்துதான் இத்தனை நாளும் அந்தச் சுருளைத் தொடாமல் இருந்தேன். தொடாமல் இருந்ததால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். திட்டாமல் கேள்.

நாம் இருவரும் சேர்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பள்ளிக்கூட வானுக்கான அந்தச் செயலியைச் செய்த நாட்களில் உன் வெள்ளவத்தை பிளாட்டின் தரை முழுக்கக் கலண்டர் தாள்கள்தான் கிடக்கும். புறக்கோட்டைக் கடையொன்றில் வருடாவருடம் உனக்குக் கிடைக்கும் பெரிய மாதக் கலண்டர். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் செயலியின் ஒரு திரை. சாரதி பார்க்கும் பெயர்ப்பட்டியல் ஒரு தாள். பிள்ளையின் படமும் பெயரும் ‘இறங்கிவிட்டார்’ என்ற பொத்தானும் உள்ள அட்டை இன்னொரு தாள். பிள்ளை இறங்கிய செய்தி பெற்றோருக்குப் போகும் திரை வேறொன்று. செயலி திரைக்குத் திரை போவதுபோல, நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தாளாக மிதித்து நடந்து பிழை தேடுவாய். கையில் ஒரு சிறு சீட்டு இருக்கும்.

அந்தச் சீட்டில்தான் உன் சூட்சுமம் எல்லாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி அட்டை எழுதத் தேவையில்லை, ஒன்றை ஒழுங்காக எழுதி எல்லாருக்கும் பாவிக்கலாம் என்றாய். ஆனால் அந்த அட்டைக்குத் தானாக யாரையும் தெரியாது. எந்தத் திரையில் இருந்து போகிறோமோ, அந்தத் திரை பிள்ளையின் பெயரைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். நான் நடக்கும்போது சீட்டை மறந்து அடுத்த தாளில் கால் வைத்துவிட்டால், "சீட்டு எங்கயடி?" என்று ஒரு சத்தம் போடுவாய். பக்கத்து பிளாட்டுக்கும் கேட்கும்.

சீட்டில் எப்போதும் உன் மகளின் பெயர்தான். அபிக்கு அப்போது மூன்று வயது, பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை.

"பிள்ளை ஒண்டு, பிள்ளை ரெண்டு எண்டு எழுதினாப் போதாதா?" என்று கேட்டேன்.

"அப்பிடி எழுதினா எனக்குப் பயம் வராது. பயம் வராட்டி நான் பிழையைத் தேட மாட்டன்" என்றாய்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பிறகு டெங்கு வந்து ஐந்தே நாளில் உன்னைக் கொண்டு போனது. செயலி என் தலையில் விழுந்தது. அபி கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புச் சேர்ந்தாள், நம் செயலி ஓடுகிற வானில்தான் போய் வருகிறாள். இரண்டு வாரத்துக்கு முன் வான் சாரதி என்னிடம் ஒரு குறை சொன்னார். "ஒவ்வொரு புள்ளைக்கும் லிஸ்டுக்குத் திரும்பிப் போகவேண்டியிருக்கு மிஸ். காலி ரோட்டு ட்ராஃபிக்குல அவ்வளவு நேரம் நிக்க விடுறானுங்களா?"

நியாயம்தானே. அட்டையிலேயே ‘அடுத்த பிள்ளை’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். கதிரையை விட்டு எழும்பாமலே போனில் அழுத்திப் பார்த்தேன். பிள்ளை ஒன்று, பிள்ளை இரண்டு. படம் மாறியது, எனக்குத் திருப்தி. உன் தாள்களை நான் விரிக்கவில்லை.

போன வியாழக்கிழமை, அந்தப் பொத்தான் வானுக்குப் போன முதல் நாள், இரண்டு மணி போல அபியின் அப்பா அழைத்தார். குரலே சரியில்லை.

"அபி இறங்கீட்டா எண்டு மெசேஜ் வந்திருக்கு. நான் கேட்டடியிலதான் நிக்கிறன். இஞ்ச ஒருத்தரும் இல்லை."

"வையுங்கோ, நான் வானுக்கு எடுக்கிறன்" என்று மட்டும் சொன்னேன்.

சாரதி எடுக்கவில்லை. வான் ஓடும்போது போனைத் தொடவே கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னவள் நீதான். ஏழு முறை எடுத்தேன். ரயில் பாதை, கடற்கரை, முட்டி மோதும் பஸ்கள், ஆறு வயதுப் பிள்ளை தவறி இறங்கினால் எங்கெல்லாம் போகக்கூடுமோ அங்கெல்லாம் என் மனம் போய் வந்தது. எட்டாவது முறை அவசரத்தில் வேறு யாருக்கோ எடுத்துவிட்டேன். ஒன்பதாவது முறைதான் அவர் குரல் கேட்டது.

"பம்பலப்பிட்டியில நிப்பாட்டியிருக்கேன் மிஸ், வெள்ளவத்தைக்கு இன்னும் வரல. அபியா? பின் சீட்டுல நல்லாத் தூங்குது. ஏன் மிஸ், அழுறீங்களா?"

நடந்தது இதுதான். கொள்ளுப்பிட்டியில் ஒரு பிள்ளையை இறக்கும்போது, அவர் பட்டியலின் முதல் பெயரைத் திறந்து ‘அடுத்த பிள்ளை’யையும் பிறகு ‘இறங்கிவிட்டார்’ஐயும் அழுத்தியிருக்கிறார். முதல் பெயர் அபி. படம் மாறியது. பெற்றோருக்குப் போகும் பெயரை மாற்ற நான் மறந்திருந்தேன். இறங்கியது வேறு பிள்ளை, செய்தி போனது உன் வீட்டுக்கு.

அன்றே பொத்தானை எடுத்துவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். "பிழை என்ர. நான் ஒழுங்காப் பாக்கேல்லை" என்றேன். அவர் ஏசியிருந்தால் தேவலை. "அவ இருந்திருந்தா..." என்று தொடங்கி, நிறுத்திவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. உன் மேல் கோபமும் வந்தது, ஏனென்று கேட்காதே.

அதனால்தான் இன்று தாள்களை விரித்தேன். சுருளுக்குள் அந்தச் சீட்டும் இருந்தது. உன் சரிந்த எழுத்தில், அபி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். ‘அடுத்த பிள்ளை’க்காகப் புதிதாக வரைந்த தாளில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். இங்கே இந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்க வேண்டும், நான் வாங்காமல் போனது இங்கேதான். அப்படியே நின்றதில் இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது. பட்டியலின் கடைசிப் பிள்ளைக்குப் பிறகு அந்தப் பொத்தான் போக ஒரு தாளும் இல்லை. கதிரையில் இருந்தபடி பார்த்திருந்தால் இது எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

இரண்டு மணியாகப் போகிறது. வான் கொட்டாஞ்சேனையை விட்டு வெளிக்கிட்டிருக்கும். உன் கெட்டித்தனம் எனக்கு வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. உன் பயம் வந்திருக்கிறது. உன் சீட்டு என் கையில் இருக்கிறது. அபி உன் வீட்டுக் கேட்டைத் திறக்கும்வரை நான் அதைக் கீழே வைக்க மாட்டேன்.