கோடு முன்னாலா, பின்னாலா

வோலோஸ்,
நவம்பர், மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை

என் தங்கை மகன், அருமை மருமகன் ஆர்கிரிஸுக்கு உன் தாய்மாமன் ஸீஸிஸ் சுமானிஸ் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை ஸ்தமத்தியாவும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் வலிப்பதில்லையாம், அதனால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஸ்டுட்கார்ட்டில் உனக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா, அந்த ஜெர்மன்காரர்கள் மத்தியானம் சூடாக ஏதாவது தின்ன விடுகிறார்களா என்று எழுது.

போன வாரம் போனில் உனக்குச் செய்தி அனுப்பினேன். ஊருக்கெல்லாம் போர்டு எழுதும் நம் கடையின் சொந்தப் போர்டைக் கழற்றிவிட்டேன், புதிதாக எழுதிப் புனித நிக்கோலாஸ் திருநாளன்று மாட்டப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டிருந்தேன். நீ ஒரே ஒரு வார்த்தையில் பதில் போட்டாய். அதுவும் முழுக்கப் பெரிய எழுத்தில், கேப்பிட்டலில். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். புதுப் போர்டில் என் பெயரையும், அதை அடுத்து ‘&’ என்ற குறியையும் எழுதி முடித்தாகிவிட்டது. அதற்கு அடுத்த இடம் காலி. பழைய போர்டில் அந்த இடத்தில் ‘மருமகன்’ என்று இருந்தது. இப்போது என்ன எழுதுவது என்பதைக் கடைசியில் பேசுவோம். கடைசிப் பக்கத்தை இப்போதே திருப்பாதே. ஊரே தலைகீழான கதை நடுவில் இருக்கிறது.

எல்லாம் பாதிரியம்மாவிடம் ஆரம்பித்தது. நம் தெருக்கோடி சர்ச் பாதிரியாரின் மனைவி எவாந்தியாவைச் சொல்கிறேன். ஞானஸ்நான மிட்டாய் டப்பாக்களில் குழந்தை பெயர் ஒட்டுவதற்கென்று இணையத்தில் ஒரு ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வாங்கினார். நம் கடை மெஷினை நாலு ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். இது ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும், சாப்பாட்டு மேசையில் ஆலிவ் கிண்ணத்துக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பூனை மாதிரி உறுமும். டப்பா முடிந்து ஜாடி, ஜாடி முடிந்து தபால்பெட்டி, அப்புறம் முடிதிருத்தும் கடைக் கண்ணாடி. அவரைப் பார்த்து ஊரில் பாதிப் பேருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மருந்துக்கடைக்காரன் மச்சான் லேசர் வாங்கி மரத்தில் எழுத்தைச் சுடுகிறான், தெருவே கருகிய வாசம். வோலோஸில் இப்போது காபி இயந்திரத்தைவிட எழுத்து மெஷின்தான் அதிகம். நான் எண்ணிப் பார்த்தவன் சொல்கிறேன்.

நீ கிளம்பிப் போவதற்கு முன்னால் இதே மாதிரி ஒரு குட்டி மெஷின் வாங்கலாம், சின்ன வேலைகளையும் விடவேண்டாம் என்று சொன்னாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது உன் அத்தைக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததைப் பேசி என்ன ஆகப்போகிறது?

கம்பளக்கடை ப்ரோத்ரோமோஸுக்கு ஆரம்பத்திலிருந்தே நம் போர்டுதான். கொட்டை கொட்டையாகப் பெரிய எழுத்தில் ‘கம்பளங்கள்’ என்று நான் எழுதியது. அந்தப் போர்டைப் பார்த்துத்தான் கப்பல்கள் துறைமுகத்துக்குத் திரும்பும் என்று ஒரு கேப்டனே என்னிடம் சொல்லியிருக்கிறார். இந்த இலையுதிர் காலத்தில், வீட்டுக்கு வீடு பரணிலிருந்து கம்பளத்தை இறக்கி விரிக்கிற சமயம் பார்த்து, அவனுக்குப் புதுப் போர்டு ஆசை வந்தது. சிப்புரோ சாராயக் கடையில் நாலு பேர் முன்னால் என் எதிரே உட்கார்ந்து சொல்கிறான்: “ஸீஸிஸ், நீ என்ன தங்கத்தக் கரைச்சா எழுதுற? பாதிரியம்மா பாதி விலைக்குச் செஞ்சு தர்றாங்கப்பா. கூட ஒரு தட்டு பாதாம் பிஸ்கட்டு வேற.”

நான் விடுவேனா? “பிஸ்கட்ட நல்லா மென்னு தின்னு. காத்தடிச்சா உனக்கு அதுதான் மிஞ்சும்” என்றேன். கடையே சிரித்தது. ஆக்டோபஸ் வறுத்துக்கொண்டிருந்த கடைக்காரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஆனாலும் அவன் பாதிரியம்மாவிடம்தான் போனான்.

போர்டு ஏறிய அன்று காலை நான் ஒன்றும் வேண்டுமென்று அந்தப் பக்கம் போகவில்லை. ரொட்டி வாங்கப் போனேன். ரொட்டிக்கடை எதிர்த்திசையில் இருக்கிறது என்று உன் அத்தை சொல்வாள், நம்பாதே. நிமிர்ந்து பார்த்தேன். பூங்கொடி மாதிரி வளைந்து நெளிந்த சின்ன எழுத்து. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கோடு, ஆர்கிரிஸ், கோடு முன்னால் இருந்தது.

உனக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் சிப்புரோ கடையில் நான் செய்த பிரசங்கத்தை நீ கேட்கவில்லையே, அதனால் இங்கே எழுதுகிறேன். “நம்ம கிரேக்க எழுத்துல எந்த இடத்த அழுத்திச் சொல்லணுமோ அதுக்குத் தலையில ஒரு கோடு போடணும். நான் படிச்ச காலத்துல மூணு தினுசுக் கோடு இருந்துச்சு. நான் பள்ளிக்கூடத்த விட்டேன், சர்க்கார் ரெண்டு கோட்ட எடுத்துருச்சு. சொல்லித்தர ஆளில்லாம எடுத்தாங்களோ என்னவோ. பெரிய எழுத்துல, அதான் கேப்பிட்டல்ல, மட்டும் கோடே கிடையாது, யாரும் மாட்ட மாட்டான். சின்ன எழுத்துலதான் வில்லங்கம். கோடு பின்னால இருந்தா ‘ஹலியா’, கம்பளம். அதே வார்த்தையில கோட்ட முன்னால வச்சா ‘ஹாலியா’. அப்படின்னா என்னடா? படுமோசம்.”

ஆக, நடுத்தெருவில், வெயிலில் பளபளவென்று இப்படி எழுதியிருக்கிறது: ‘ப்ரோத்ரோமோஸ். படுமோசம். மூன்று தலைமுறையாக.’

நான் சிரித்த சிரிப்பில் மாதாகோயில் புறாவெல்லாம் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தேன், கழற்றுவதற்குக் கூப்பிடுவான் என்று. வந்து பார்த்தால் கடை வாசலில் கூட்டம். போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். ஒரு கிழவர் உள்ளே போய், “தம்பி, இருக்கறதுலயே படுமோசமானதா ஒண்ணு எடு, எம் மாமியா ரூமுக்கு” என்கிறார். லாரிஸாவிலிருந்து ஒரு குடும்பம் போர்டைப் பார்க்கவென்றே வந்து இரண்டு கம்பளம் வாங்கிப் போனது. ப்ரோத்ரோமோஸ் முதலில் சுவரில் முட்டிக்கொண்டான், அப்புறம் கல்லாவில் உட்கார்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவே நேரம் இல்லை. என்னையும் ஏணியையும் பார்த்துச் சொன்னான்: “ஸீஸிஸ், அந்தக் கோட்டுமேல கைய வச்ச, கைய ஒடச்சுருவேன்.”

பாதிரியம்மா நிலைமைதான் பரிதாபம். நம் கடைக்கே வந்துவிட்டார், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு. “ஸீஸிஸ் அண்ணே, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், ப்ரோத்ரோமோஸ்கிட்ட கேக்கப் போனா அவரு எனக்கு நன்றி சொல்றாரு. எங்க வீட்டுக்காரரு பூசையில ‘நம் வாழ்வு’ன்னு ஆரம்பிச்சா பின்னால எவனாவது ‘ஹாலியா’ங்கறான். கோயிலே சிரிக்குது. இவரும் திரும்பி நின்னு சிரிக்கிறாரு அண்ணே, தாடி ஆடுறது தெரியுது.” உன் அத்தை அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். போட்டிக்காரிக்கு என் வீட்டிலேயே காபி. நானும் ஒன்று குடித்தேன்.

அப்புறம் வந்தது பெலியோன் மலைக் காற்று. நான் சொன்னபடியே வந்தது. நான் சொன்னதால் வந்தது என்றுகூடச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். ஸ்டிக்கரில் சின்னத் துண்டுதான் முதலில் பிய்யும், அது நம் தொழிலில் யாருக்கும் தெரியும். எழுத்தெல்லாம் நின்றது, கோடு மட்டும் பறந்தது. கோடில்லாத போர்டு, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ப்ரோத்ரோமோஸ் செருப்பில்லாமல் ஓடி வந்தான். “ஸீஸிஸ், எங் கோட்டக் காணோம்டா. சாக்கடையெல்லாம் தேடிட்டேன். நீயே ஒண்ணு செஞ்சு மாட்டு. புயலே வந்தாலும் நிக்கணும். நீ என்ன கேட்டாலும் சரி.”

யோசித்துப் பார், மருமகனே. இந்த ஊரில் தப்பில்லாமல் எழுதிப் பேர் வாங்கியவன் நான். என்னிடம் ஒருவன் வந்து ஒரு தப்பை உறுதியாகச் செய்து கொடு என்கிறான். அன்று சாப்பாடு இறங்கவில்லை. உன் அத்தை இரண்டாவது தடவை பரிமாறியபோதுதான் இறங்கியது. அந்தத் தட்டின் நடுவில்தான் எனக்கு யோசனை வந்தது. ஒரு கோடு எதற்கு, இரண்டு வைப்போம்.

அலுமினியத்தில் கை நீளத்துக்கு இரண்டு கோடு செய்தேன். முகத்துக்குச் சிவப்பு அக்ரிலிக், உள்ளே எல்.இ.டி. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். முன்னது எரிந்து அணையும், பின்னது எரியும். எழுத்துகளைப் பாதிரியம்மாதான் திரும்ப வெட்டினார், இந்தத் தடவை நம் கடையில், வெயிலுக்கு உரியாத நம் ஸ்டிக்கரில். அந்த வளைவுகளை என் கையால் அப்படி வரைய முடியாது. இதை அவரிடம் சொல்லிவிடாதே. சட்டம், ஆணி, மின்சாரம் எல்லாம் நான். சுவரைத் துளைக்கும்போது அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார். ஏணி அசையவே இல்லை.

சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டோம். படுமோசம். கம்பளம். படுமோசம். கம்பளம். தெரு முழுக்கக் கைதட்டல். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி விடவே மாட்டேன் என்றார், அப்புறம் தன் விரல்தான் என் மோதிரத்தில் மாட்டிக்கொண்டது என்றார். கடலில் போன கப்பலிலிருந்து ஊதினார்கள். உன் அம்மா அது வழக்கமாக ஊதும் நேரம் என்கிறாள். உன் அம்மாவுக்கு எப்போதுமே கற்பனை குறைவு.

அன்றிலிருந்து வேலை கொட்டுகிறது. யாராவது வீட்டு மெஷினில் போர்டு செய்கிறான், அது உரிகிறது, இல்லை கண்ணாடியில் தலைகீழாக ஒட்டிக்கொள்கிறான், நேரே நம்மிடம் ஓடி வருகிறான். முன்பெல்லாம் போர்டைப் பற்றி எவன் பேசினான்? இப்போது ஊரே எழுத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறது. மருந்துக்கடைக்காரன் மச்சான்கூட மரத்தைச் சுட்டுக் கொண்டு வருகிறான், நான் அதற்கு விளக்குப் போடுகிறேன். பாதிரியம்மா வாரத்தில் பாதி நாள் நம் கடையில்தான். அந்த ரொட்டி டப்பா மெஷின் இப்போது உன் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. உன் மேசைதான், நான் துடைத்தே வைத்திருந்தேன்.

இனி போர்டு விஷயம். இவ்வளவு வேலை செய்கிறவர் பெயரும் இருக்க வேண்டாமா என்று பாதிரியம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னார்: “எம் பேரு சர்ச் நன்கொடைப் பலகையிலேயே வேணாம்னவ நான். அந்த இடம் அந்தப் பையனோடது அண்ணே. மொதல்ல அவன்கிட்ட கேளுங்க.” அதனால்தான் கேட்டேன். நீயும் அந்த ஒரு வார்த்தையை அனுப்பினாய்.

பெரிய எழுத்தில் அனுப்பினாயே, ஆர்கிரிஸ். கோடு இல்லையே.

கோடு முன்னால் என்றால் ‘போதெ’, எப்போது வரவேண்டும் என்று கேட்கிறாய். கோடு பின்னால் என்றால் ‘பொதே’, ஒருநாளும் வரமாட்டேன் என்கிறாய். உன் அத்தை வாங்கிப் படித்துவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். உன் அம்மா அன்று ஒரு நாள் முழங்காலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பாதிரியம்மாவிடம் காட்டினேன். “கோட்டு விஷயத்துல எங்கிட்ட கேக்காதீங்க அண்ணே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வோலோஸ் முழுவதற்கும் கோட்டை ஏற்றி இறக்கிக் காட்டியவன் நான், என் கைக்குள் இருக்கும் வார்த்தைக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் முன்னால் என்றே படித்தேன். அதனால் பதில் எழுதுகிறேன்: டிசம்பர் ஆறு, காலைப் பூசை முடிந்து புனித நிக்கோலாஸ் சிலுவை ஊர்வலம் நம் தெருவைத் தாண்டியதும். ஏணிக்குக் கீழே பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பாதிரியம்மா அன்று ஊர்வலத்தில் இருப்பார். வேறு யார் பிடித்தாலும் எனக்குக் கால் நடுங்கும், வயதால் இல்லை, பழக்கத்தால்.

இதோடு ஒரு சின்ன ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். சிவப்பு. ஒரு கோடுதான், பாதிரியம்மா வெட்டியது. உன் வார்த்தையை ஒரு தாளில் சின்ன எழுத்தில் எழுதி, அதை ஒட்டி அனுப்பு. முன்னால் ஒட்டினால் தாளை அனுப்பவும் வேண்டாம், நீயே கொண்டு வா. பின்னால் ஒட்டத் தோன்றினால் ஒட்டாதே, அனுப்பாதே, பேசாமல் இரு. நான் முன்னால் என்றே படித்துக்கொண்டிருப்பேன். ‘&’ குறிக்குப் பக்கத்தில் இடம் அப்படியே இருக்கும். போர்டுக்கு அடித்திருக்கும் வெள்ளைப் பெயிண்ட் நல்ல சாமான், வெயிலுக்கும் மழைக்கும் பல வருஷம் தாங்கும்.

புனித நிக்கோலாஸ் கடலில் போகிறவனையும் காப்பாற்றுவார், ஜெர்மனிக்குப் போனவனையும் காப்பாற்றட்டும். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ. சாப்பிடாமல் இருக்காதே.

உன் ஏணி பிடிக்கும் கையை எதிர்பார்க்கும்
தாய்மாமன்
ஸீஸிஸ் சுமானிஸ் &