கஞ்சி ஆறட்டும்

பழங்காநத்தம்
12.6.2003

அன்புள்ள அருள்பாண்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் அந்தச் சுகம் முழுசாகும். தங்கச்சி திவ்யாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

உன் கடிதம் வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பண்ணையில் இரண்டு குளத்து இறால் செத்துவிட்டது, மூன்றாவதும் போனால் முதலாளி உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார், இறாலுக்கு நோய் வராமலிருக்க நீ வாங்கச் சொன்ன நல்ல கிருமிப் பொடிதான் போலி என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உடனே தெற்குவாசல் போய், உன்னோடு படித்தவன் என்றும் பாராமல், பொடியை விற்ற சாய்பிரசாத்தை அவன் கடையிலேயே, நாலு பேர் முன்னால், மைதா மாவக் கட்டிக் குடுத்து எம்பிள்ளையக் கவுத்துப்புட்டியேப்பா என்று கேட்டுவிட்டேன். மாவுன்னா பணியாரம் சுட்டுப் பாருங்கம்மா என்றான், கடையே சிரித்தது. பொடியிலிருப்பது தயிர்க்கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமி, உயிரோடு இருந்தால் வெல்லத் தண்ணியில் பொங்கும் என்று ஒரு பொட்டலமும் கொடுத்தான். வெல்லத் தண்ணீரில் கரைத்து மூடிவைத்த பாட்டிலை மறுநாள் திறந்தால் புஸ்ஸென்று பொங்கிப் புளிவாடை அடித்தது. அப்போதும் நம்பவில்லை, எனக்கென்று நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். பொங்கலுக்கு நீ வந்தபோது உன் பையிலிருந்து எடுத்து இங்கேயே விட்டுப்போன பண்ணைப் பொடிப் பொட்டலத்தையும் கரைத்துப் பார்த்தேன். அதுவும் பொங்கியது.

பிறகுதான் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பொடி தீவனத்தில் ஒட்டுவதற்காக சூப்பர்வைசர் மலையாண்டி கஞ்சி காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அதில் பொடியைக் கொட்டிப் பிசையச் சொல்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். கொதிக்கும் பாலில் யாராவது உறை ஊற்றுவார்களா? அதே பொடியைச் சுடுகஞ்சியில் போட்டு வெல்லத் தண்ணீரில் கலந்து வைத்தேன், மறுநாளும் அசைவே இல்லை, சூட்டில் கிருமி செத்துப்போயிருக்கிறது. இறால் சாக இது மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தன் மச்சான் விற்கும் மருந்தை வாங்கச் சொல்லி உன்னிடம் சண்டை போட்டவரும் இதே மலையாண்டிதானே? தெரியாமல் செய்கிறாரா, தெரிந்தே செய்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நீ அவரிடம் எதுவும் கேட்காதே, அவசரப்பட்டு நான் கேட்டது போதும். அன்று சிரித்தவர்கள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து நாளைக்குப் போய், சாய்பிரசாத்திடம் தப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மூன்றாவது குளத்தை முருகன் காப்பாற்றட்டும், நீ நன்றாயிரு. ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் கஞ்சியில் உன் விரலை வைத்துப் பார், விரல் தாங்கினால் மட்டும் பொடியைப் போடு. ஆறும்வரை பொறுக்கலாம் என்று நீ சொல்லும்போது மலையாண்டியின் முகத்தைப் பார்த்துக்கொள். அதை எனக்கு எழுது.

உன் அம்மா,
செல்லத்தாய்