அப்பாவின் மூன்றாவது பதக்கம்

ஜனவரி 11, ஞாயிறு

லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினேன்: ‘இது இனி குரலில் இயங்கும். மாடி எண்ணைச் சத்தமாகச் சொல்லவும்.’ எங்கள் குடியிருப்புச் செயலாளர் வைத்தீஸ்வரன் அங்கிள் “மூணு! மூணு!” என்று அலறியது மொட்டைமாடி வரை கேட்டது.

புகார் சொல்ல வந்தவர் அப்பாவைப் பார்த்ததும் மாறிவிட்டார்.

“ஆல்வின் சார், குடியரசு தினத்துக்கு நீங்கதான் கொடி ஏத்தணும். மெடலெல்லாம் குத்திக்கிட்டு வாங்க. 2015 வெள்ளத்துல நேவி உங்கள அனுப்பலேன்னா முடிச்சூர்ல நாங்க எத்தன பேரு இருந்திருப்போம்?”

“பாக்கலாம் சார்” என்றார் அப்பா. சந்தோஷம் வந்தால் முகம் இப்படியா வெளுக்கும்?

ஜனவரி 13

அப்பாவிடம் இரண்டே பதக்கங்கள். பதினைந்து வருடம் ஒழுங்காக இருந்த மாலுமிக்கு ‘நீண்ட சேவை, நன்னடத்தைப் பதக்கம்’ உண்டு என்று நெட்டில் போட்டிருக்கிறது. அப்பாவும் கடற்படையில் சரியாகப் பதினைந்து வருடம். ஒன்பது வருடத்துக்கானது இருக்கிறது, பதினைந்தைக் காணோம்! வீடு மாறும்போது தொலைந்திருக்கும். என் கீபோர்டே அப்படித்தான் போனது.

“அச்சு அசலா நகல் விக்கிறாங்கடி. தொலைச்சவங்க அதத்தான் வாங்குவாங்களாம்” என்றாள் என் ஃப்ரெண்ட் ஷபீனா. அவளும் நானும் ஆர்டர் போட்டுவிட்டோம். வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல காரியம் செய்கிறேன். ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஜனவரி 18

பதக்க விஷயத்தை அங்கிளிடம் உளறிவிட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் இன்று போஸ்டர்: ‘நன்னடத்தைப் பதக்கம் வென்ற வெள்ள நாயகன் ஆல்வின்!’ அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஜனவரி 20, செவ்வாய்

பார்சல் வந்தது. அப்பாவின் இரண்டுக்குப் பக்கத்தில் குத்தி மேசையில் வைத்தேன். அப்பா வந்து பார்த்தார். மூன்றாவதை மட்டும் கழற்றினார்.

“ஏது இது?”

“தொலைஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்ப்பா.”

“தொலையல ஏஞ்சல். எனக்குக் குடுக்கவே இல்ல.”

வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் லீவில் வந்திருந்தாராம். லீவு முடிந்தும் பதினோரு நாள் திரும்பிப் போகவில்லை. போனதும் தண்டனை. நடத்தையில் கறை விழுந்தால் அந்தப் பதக்கம் கிடையாது.

“அப்ப நேவி உன்ன அனுப்பலியா?”

“நேவி என்னத் தேடிச்சு.”

“ரயில் ஓடலன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நாலஞ்சு நாள்ல ஓட ஆரம்பிச்சிடுச்சு. நான்தான் ஏறல.”

தலை சுத்துது. படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனாரே, அதுவா கெட்ட நடத்தை? அது நல்லதென்றால் அப்பா ஏன் திருடியவர் மாதிரி உட்கார்ந்திருக்கார்? ஒண்ணும் புரியல.

ஜனவரி 22

குரூப்பில் உண்மையைப் போட்டேன்: ‘என் தப்பு. அப்பாவுக்கு அந்தப் பதக்கம் இல்லை.’ முப்பத்திரண்டு சிரிப்புப் பொம்மைகள். அங்கிள்: ‘லிஃப்ட் மாதிரி இதுவுமா? ஏமாற மாட்டோம்மா!’

நான் நிஜம் சொன்னால் நம்ப இந்த ஊரில் ஆளே இல்லை.

ஜனவரி 25

“நான் வரல. காய்ச்சல்னு சொல்லிடு” என்றார் அப்பா.

அம்மா விடவில்லை. “பத்து வருஷமா அவங்க புகழறப்பல்லாம் தலைய ஆட்டினீங்க. நாளைக்கும் போய் ஆட்டுங்க. இல்ல, வாயத் தொறந்து சொல்லுங்க. காய்ச்சல் மட்டும் வேணாம்.”

அம்மா யார் பக்கம்?

ஜனவரி 26, திங்கள்

வந்தார். வெள்ளைச் சட்டையில் இரண்டே இரண்டு. கொடி ஏற்றியதும் மைக்கைப் பிடித்தார்.

“போஸ்டர்ல போட்ட மெடல் எனக்குக் கிடையாது. நேவி என்ன அனுப்பல. நான்தான் திரும்பிப் போகல. என் வேலையையும் சேத்து முனிரத்தினம்னு ஒருத்தர் பாத்தாரு. அதனால அவரு லீவு ரத்தாச்சு. அவரு தங்கச்சி கல்யாணம் அவரு இல்லாமத்தான் நடந்துச்சு. இதுவும் உங்களுக்குத் தெரியணும்.”

சிலர் கைதட்டினார்கள். சிலர் முழித்தார்கள். நான் தட்ட எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அங்கிள் என்னிடம் குனிந்து, “நெசமாவாம்மா?” என்றார்.

சாயங்காலம் அப்பா யார் யாரிடமோ கேட்டு ஒரு நம்பர் வாங்கினார். பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து போட்டார். நான் கதவோரம்.

“முனிரத்தினமா? ஆல்வின் பேசறேன்.”

ஸ்பீக்கரில் அவர் குரல்: “எந்த ஆல்வின்?”

தண்டனை வாங்கப் போகிறவர் மாதிரி அப்பா எழுந்து நின்றுகொண்டார்.