இரண்டாவது வரிசை

ஜூன் 30, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது தாள்.

சமையலறையில் அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவின் டியூட்டி டார்ச்சைப் பாவாடைக்குள் வைத்து மூடியிருக்கிறேன். அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே டார்ச்சை அணைத்துவிடுகிறேன். நீ அமாவாசையன்று வேலைக்குக் கிளம்பிப் போனதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறார். அதனால் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பு. அந்தக் கடைக்கார அக்கா வாங்கி வைக்கிறேன் என்றாள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. உனக்குத் தெரியக்கூடாது என்றாள் அம்மா. நான் சொல்லிவிட்டேன். ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அறுவை சிகிச்சை செய்யும் பெரிய டாக்டர் இங்கே மாதத்தில் இரண்டாவது திங்கட்கிழமை மட்டும்தான் வருகிறார். ஜூலை 14 என்றார். அப்பா காலண்டரைப் பார்த்தார். முந்தின நாள் பௌர்ணமி. வேண்டாம் என்றார். அடுத்தது ஆகஸ்ட் 11. மறுநாள் பௌர்ணமி. அதுவும் வேண்டாமாம்.

"நிலா நிறையற நேரத்துல தண்டை வெட்டிப் பாரு, சாறு நிக்காம வடியும். உடம்பும் அதேதான். உங்க அத்தையை எப்படிப் பறிகொடுத்தேன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார். அத்தை ஆபரேஷன் மேஜையிலேயே போனது ஒரு பௌர்ணமி என்று உனக்கும் தெரியுமே. அம்மா என்னவென்றால், "அவர் போடட்டும், அப்புறம் நான் போடறேன்" என்று சம்மதத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

பஸ் டிப்போவில் கண்டக்டர் மாமா, "என்ன டைம்கீப்பரே, நிலாவுக்கும் ட்ரிப் ஷீட் போட்டாச்சா?" என்று கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்தும் சிரிக்கவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நீ விதைக் கம்பெனியில் இருக்கிறாய். நிலா பார்த்து விதைத்தால் நிஜமாகவே நன்றாக வருமா? பொய் சொல்லாமல் எழுது.

உன்
எலிக்குட்டி


ஜூலை 4

என் எலிக்குட்டிக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். அம்மா எனக்கு மறைத்ததை நினைத்தால் கோபம் வருகிறது. அப்பாவை நினைத்தால் அதைவிட.

நீ கேட்டதற்குப் பதில். இங்கே என் வேலை என்ன தெரியுமா? ஈரத்தாளில் நூறு விதையை அடுக்கி, சுருட்டி, அலமாரியில் வைப்பேன். எட்டாம் நாள் பிரித்து முளைத்ததை எண்ணுவேன். அந்த அறையில் ஜன்னல்கூடக் கிடையாது. வளர்பிறையிலும் தொண்ணூறுக்கு மேல்தான் முளைக்கிறது, தேய்பிறையிலும் தொண்ணூறுக்கு மேல்தான் முளைக்கிறது. நிலா எங்கள் அலமாரியைத் திறந்து பார்த்ததே இல்லை.

ஆனால் நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். தன் மண்ணில், தன் கண்ணால் பார்த்தால் கேட்பார். அவர் எண்ணிக்கையை நம்புகிற மனுஷன். ஒரே பொட்டலத்து பீன்ஸ் விதை எடு. வளர்பிறையில் ஒரு வரிசை, இருபத்தைந்து விதை. தேய்பிறையில் பக்கத்திலேயே இன்னொரு வரிசை, அதே இருபத்தைந்து. ஒரே உரம், அளந்து ஒரே தண்ணீர். விதைத்த நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள் எண்ண வேண்டும். அவரையே எண்ணச் சொல். 18ஆம் தேதிக்குள் இரண்டையும் போட்டுவிட்டால் ஆகஸ்ட் 11க்கு முன்னால் முடிந்துவிடும்.

தைரியமாகக் கேள். அவர் கத்தினால் கத்தட்டும், கத்தலில் யாரும் செத்ததில்லை.

அம்மாவின் கையை என் சார்பில் ஒருமுறை பிடித்துக்கொள்.

அக்கா


ஜூலை 27, இரவு

அன்புள்ள அக்கா,

அப்பா கத்தவில்லை!

அவர் ஷூவுக்குப் பாலீஷ் போடும்போது கேட்டேன். பிரஷ்ஷை நான் வாங்கிக்கொண்டேன், எனக்கும் ஒரு வேலை வேண்டுமே. "ரெண்டு வரிசையும் ஒண்ணா வந்தா 11ஆம் தேதிக்குக் கையெழுத்துப் போடுவீங்களாப்பா?" இன்னொரு ஷூவையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். அப்புறம், "போடறேன். ஆனா உங்க அம்மாகிட்ட இதைச் சொல்லாதே. இருபத்தொரு நாளும் பயந்தே செத்துடுவா" என்றார். அம்மாவிடம், நிலா பார்த்து விதைப்பது பற்றிப் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

முதல் வரிசை 8ஆம் தேதி. இரண்டாவது 18ஆம் தேதி. இரண்டுக்கும் ஒரே குவளையால் தண்ணீர் விடுகிறேன். எட்டாம் நாள் கணக்கு: முதல் வரிசையில் இருபத்து மூன்று. இரண்டாவதில் இருபத்து நான்கு! அக்கா, தேய்பிறையில் ஒன்று அதிகம்! நேற்று சாயங்காலம் அப்பா யூனிஃபார்மோடு இரண்டாவது வரிசை முன்னால் குந்தி உட்கார்ந்தார். விரலை வைத்து வைத்து எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உங்கப்பா ஏன்டி இப்படித் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்காரு?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

இன்னும் பன்னிரண்டு நாள். உன் தலையணையில்தான் படுக்கிறேன். உறை துவைத்துத் துவைத்து உன் வாசனையே போய்விட்டது. நீ இன்னும் நீளமாக எழுதக்கூடாதா?

எலிக்குட்டி


ஆகஸ்ட் 14, இரவு

அக்கா,

கையெழுத்து கோணலாக இருக்கும். டார்ச்சில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது.

கடைசி வாரம் எனக்குப் பரீட்சை. காலையில் இருட்டோடு தண்ணீர் விட்டுவிட்டு ஓடினேன், எண்ணவில்லை. 8ஆம் தேதி அப்பாவும் நானும் போய் எண்ணினோம். முதல் வரிசையில் இருபத்து மூன்று. இரண்டாவதில் பதின்மூன்று.

நடுநடுவே வெறும் மண். பூச்சி இல்லை, அழுகல் இல்லை. ஒன்றுமே இல்லாத இடம். நான் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அப்பா என் தோளைப் பிடித்து எழுப்பினார். "நான் ஜெயிக்கணும்னு நினைக்கலம்மா" என்றார். சட்டைப்பையிலிருந்து சம்மதத் தாளை எடுத்தார், அம்மாவுக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறார். அக்கா, அதில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தது. முந்தின நாளே போட்டுத் தயாராக வைத்திருக்கிறார். என் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்தார்.

11ஆம் தேதி பெரிய டாக்டர் வந்தார், போனார்.

இன்று மத்தியானம் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். அவளாகவே சொன்னாள், ரகசியம் சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டு. "உன் ப்ராஜெக்ட்டைக் கொஞ்சம் கெடுத்துட்டேன்டி, கோச்சுக்காதே. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கிறது அந்த நிலா ஒண்ணுதான். அது பொய்னு தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவாரு. ரெண்டு விடியக்காலைல போய்ப் பதினோரு செடியைப் பிடுங்கிட்டேன். மார்க்கு குறைஞ்சா குறையட்டுமே."

மாடிப்படி ஏற முடியாதவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டம் வரை போயிருக்கிறாள். சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. அந்தச் செடிகள் எதற்கென்று அவளிடம் எப்படிச் சொல்வேன், சொல்?

எனக்குப் பயமாக இருக்கிறது.

எலி


ஆகஸ்ட் 18

குட்டி,

யோசனை என்னுடையது. அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று எழுதாமல் விட்டதும் நான்தான். உன்மேல் தவறு இல்லை. இதை நூறு தடவை எழுதவேண்டும் போலிருக்கிறது.

ஆனால் அப்பாவை விடமாட்டேன். சீசன் வேலை என்று செப்டம்பர் முடியும்வரை இங்கே லீவு கொடுக்கமாட்டார்கள். நீ உடனே அப்பாவிடம் நடந்ததைச் சொல். செப்டம்பர் 8க்காவது அம்மாவைக் கொண்டுபோகட்டும். நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். டிப்போ வாசலிலேயே, எல்லோர் முன்னாலும். உங்கள் நிலா பதினோரு செடியைப் பிடுங்கவில்லை, உங்கள் பெண்டாட்டி பிடுங்கினாள் என்று சொல்வேன்.

அக்கா


செப்டம்பர் 10, இரவு

அன்புள்ள அக்கா,

சொல்வதற்கு வாயெடுத்தேன். மூன்று தடவை. அதற்குள் அம்மா ஒரு நாள் குளியலறையில் விழுந்துவிட்டாள். ஒரே ரத்தம். அப்பா காலண்டரைப் பார்க்கவே இல்லை. டிப்போ ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். 8ஆம் தேதி பெரிய டாக்டர் பார்த்தார். "ரெண்டு மாசம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கட்டி பரவிவிட்டது, இனிமேல் கத்தி வைக்க முடியாது என்று நர்ஸ்தான் எனக்குச் சொன்னாள். வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

அன்றிலிருந்து அப்பா தினமும் என்னிடம் ஒரே கேள்வி கேட்கிறார். அம்மா தூங்கியபிறகு, மெதுவாக. "அந்த ரெண்டாவது வரிசை... அது நிலாதானேம்மா?"

நிலாதான் என்றால் அவர் அம்மாவைக் காப்பாற்றப் பார்த்தார். இல்லையென்றால், அவரே... அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. "ஆமாப்பா, நிலாதான்" என்று சொல்கிறேன். அதன்பிறகுதான் படுக்கப் போகிறார்.

ஆனால் அந்தப் பதின்மூன்று செடியும் கேட்கமாட்டேன் என்கிறது, அக்கா. முதல் வரிசைக்குச் சமமாகப் பூத்துக் கொட்டுகிறது. அவர் பார்த்துவிடுவார் என்று, விடியும் முன்னால் போய் இரண்டாவது வரிசையில் பூக்களைக் கிள்ளிவிடுகிறேன். தினமும் ஏழோ எட்டோ. அம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும், டாக்டர் சொன்னதைக் கேட்டாள், என் முகத்தையும் பார்த்தாள். உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

அம்மா உன்னைக் கேட்கிறாள். வா. ஆனால் அதைச் சொல்வதற்காக வருவதானால் வராதே. எனக்கு இந்த வீட்டில் மிஞ்சப்போவது அவர் ஒருத்தர்தான்.

எலிக்குட்டி


செப்டம்பர் 16

என் குட்டிக்கு,

சொல்லமாட்டேன்.

வேலை போனாலும் போகட்டும் என்று மேனேஜரிடம் சண்டை போட்டு லீவு வாங்கிவிட்டேன். அப்பா கேட்டால், எங்கள் கம்பெனியிலேயே சோதித்துப் பார்த்தோம், நிலாவுக்கு விதை கட்டுப்படத்தான் செய்கிறது என்று சொல்வேன். ஈரத்தாள் என்னை மன்னிக்கட்டும். இப்போது தேய்பிறை. போனதுதான் கெட்ட நாளில் போனேன், வருவதாவது அவர் மனசு நோகாத நாளில் வருகிறேன். 29ஆம் தேதி வளர்பிறை. அன்று வந்தால் அவருக்குச் சரியாக இருக்கும், இல்லையா?

அம்மாவிடம் சொல், தலை வார நான் வருகிறேன் என்று.

அக்கா


செப்டம்பர் 20, மத்தியானம்

அன்புள்ள அக்கா,

இதைப் பகலில் எழுதுகிறேன். சமையலறை மேஜையில். எதிரே அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று விடியக்காலை பூ கிள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். எனக்கு உயிரே இல்லை. அவர் என் கையைப் பிரித்தார். உள்ளே ஆறு பூ. "நேத்து எட்டு. அதுக்கு முந்தின நாள் ஏழு. முப்பது வருஷமா வண்டியை எண்ணியே சம்பளம் வாங்கறவன்மா நான், எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செடியைப் பிடுங்கினதும் நீயா?" என்று கேட்டார். என் கண் என்னையறியாமல் ஜன்னல் பக்கம் போய்விட்டது. அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அதே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா நேற்று ராத்திரியிலிருந்து கண் திறக்கவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. உன் கடிதங்களையெல்லாம் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கடைசிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நாள் பாக்க வேண்டாம்னு எழுது" என்றார். டிப்போ போனிலிருந்து உன் கம்பெனிக்கு நான்கு தடவை முயன்றார், லைன் கிடைக்கவில்லை.

இதைக் கொண்டு வருகிறவர் மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பும் வண்டியின் டிரைவர். உன் கையில்தான் கொடுப்பார். அதே வண்டி இரவு ஒன்பது இருபதுக்குத் திரும்புகிறது, அதில் ஏறிவிடு. காலை ஐந்து பத்துக்கு டிப்போவுக்குள் நுழையும். நேரமெல்லாம் அப்பா சொல்லி நான் எழுதியது. வாசலில் அவரே நிற்பாராம்.

நிலாவைப் பற்றி நீ எதுவும் சொல்லவேண்டாம், அக்கா. அவர் இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

உன்
எலிக்குட்டி