உட்கார்ந்து பேசிய மெனேஜர்

மிஸ்,

இன்று காலை அலுமாரிக்குப் பின்னால் விழுந்த சார்ஜரை எடுக்கப் போய் உங்கள் நீல பிளாஸ்டிக் ஸ்டூலைக் கண்டேன். ஒரு கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது. தூசு தட்டி வெளியே வைத்தேன். புதிதாக வந்தவர்களுக்கு அது யாருடையது என்று தெரியாது. ஒருத்தி அதன்மேல் தண்ணீர்ப் போத்தலை வைத்தாள். எதையும் எடுத்துச் சொல்ல இப்போதெல்லாம் தெம்பில்லை.

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கம் செய்த பிறகு உங்கள் இடத்துக்கு என்னைத் தற்காலிகமாகப் பதில் மெனேஜராகப் போட்டார்கள். பதுளை டவுனில் மருந்துக்கடைக்கு மேலே அதே அறை. காப்புறுதிக் கம்பனிக்குத் தமிழில் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் அதே வேலை. பிள்ளைகளும் அதேபோலத்தான், விடியுமுன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி, வந்த பிறகும் அரைத் தூக்கத்தில் இருப்பவர்கள்.

நான் பட்டம் முடித்து இங்கே வந்தபோது, மெனேஜர் என்றால் எனக்குத் தெரிந்தவர் தோட்டத்துத் துரை மட்டும்தான். துரையின் ஜீப் சத்தம் கேட்டால் அப்பா ரோட்டைவிட்டு இறங்கித் தண்ணீர்க் கானோரமாக நிற்பார். லயத்து வீட்டு வாசலில் விளையாடும் நாங்களும் எழுந்து நிற்போம். யாரும் சொல்லித் தந்ததில்லை, கால் தானாக எழும். அதனால் நீங்கள் அறைக்குள் வந்ததும் நான் எழுந்தேன். மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளும் எழுந்தார்கள். ஹெட்செட் வயர்கள் இழுபட்டுக் கழன்று விழ, மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தவர்களின் அழைப்புகள் எல்லாம் அறுந்தன.

"எழும்பாதீங்க பிள்ளைகள்" என்றீர்கள். அதைக் கேட்பதற்கும் நின்றோம்.

"தோட்டத்துல காலைப் பெரட்டுல வரிசையா நிக்க வச்சு ஆள் எண்ற மாதிரியே இருக்கு. நாளைக்குக் கொழுந்துக் கூடையையும் கொண்டாங்கடி" என்று பக்கத்து மேசைச் செல்வி முணுமுணுத்தாள். உங்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனீர்கள்.

பிறகு நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எங்களைத் திருத்துவதை விட்டு, நீங்கள் வரும் விதத்தை மாற்றிக்கொண்டீர்கள். காலையில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பீர்கள். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் சத்தமில்லாமல் பின்பக்கமாக வந்து, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, எங்களைவிடத் தாழ்வாக உட்கார்ந்துகொண்டுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். அப்போது எழுந்தால் உங்கள் தலைக்கு மேலே நிற்க வேண்டியிருக்கும். அது அதைவிட மரியாதைக் கேடு. அதனால் உட்கார்ந்தே பேசப் பழகினோம். பழகியது தெரியாமலே பழகினோம்.

ஆனால் ஒருநாள் கொழும்பிலிருந்து பெரிய சேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். புது முகத்தைக் கண்டதும் என் கால் பழையபடி எழுந்தது. அழைப்பு அறுந்தது.

"யார் இந்தப் பிள்ளை? கஸ்டமரை விட்டுட்டு எழும்பி நிக்குது?"

"உங்களுக்குத்தான் சேர் எழும்பினா. முதல்ல நீங்க இரிங்க. நீங்க நிக்கிற வரைக்கும் இவங்க இருக்க மாட்டாங்க" என்றீர்கள் நீங்கள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உங்களை உள்ளறைக்கு அழைத்துப் போனார். கதவு வெகுநேரம் மூடியிருந்தது. வெளியே வந்த நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "லைன் அறுந்த அந்தக் கஸ்டமருக்குத் திரும்ப ஒரு கோல் எடுங்க. பாவம், பாத்துக்கொண்டிருப்பார்."

அதே சேர் போன வாரமும் வந்தார், மிஸ். இந்த முறை எழுந்து அழைப்பை அறுத்தவள் கோகிலா. கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். அவள் வீட்டில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற முதல் ஆள் அவள். இன்று மத்தியானம் அவர் எனக்குக் கோல் எடுத்து, அந்தப் பிள்ளை சரிவராது, நிறுத்துங்கள், பின்னேரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு உங்களைப் போலப் பேச வராது. மூன்று மணிக்கு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குக் கோல் எடுத்தேன்.

"சேர், அது கோகிலாவோட பிழை இல்லைங்க. புதுப் பிள்ளைக்கு முதல்லயே பழக்கியிருக்கணும். நான் பழக்கல."

"அப்ப உங்க பிழைன்னு ரிப்போர்ட்டுல போடவா?"

"போடுங்க சேர்."

"உங்களை இந்தப் பதவியில நிரந்தரமாக்குற கதை இந்த வருஷம் சரிவராது. விளங்குதுதானே?"

"விளங்குது சேர்."

"சரி. பிள்ளை இருக்கட்டும்."

கோலை வைத்துவிட்டு நெற்றியைக் கையில் தாங்கிக் கண்களை மூடியிருந்தேன். வெற்றி பெற்றதுபோல ஒன்றும் இல்லை. உடம்பு கனத்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மெனேஜர் வேலை உறுதியாகிவிடும் என்று அவர் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஐந்து மணிக்குக் கோகிலா பையோடு கதவருகே நின்றாள்.

"மிஸ், என்மேல கோவமாங்க?"

"இல்லம்மா. களைச்சிருக்கேன், வேற ஒண்ணுமில்ல. பஸ் போயிரும், ஓடு."

அவள் படியிறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. கொழும்பு சேர் முதல்முறை வந்துபோன அன்று மாலை நீங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு, பேசாமல் பையை எடுத்துப் போனேன். அந்தக் கதவுக்குப் பின்னால் எனக்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று இனிக் கேட்க முடியாது. அந்தக் களைப்பு எப்படியிருக்கும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. நாளைக்கும் அதோடுதான் படியேற வேண்டும், மிஸ். ஏறுவேன்.