பம்பாய்க்குப் போன பத்மாசினி

கே.கே. நகர், மதுரை
17.11.2002

தம்பி ரவிசங்கருக்கு,

அண்ணன் ஜனகராஜ் எழுதுவது. அமெரிக்காவில் நீங்கள் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இங்கே உன் அக்கா பத்மாசினி இந்த மாதம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். மாத்திரையை மாற்றியதில் கை நடுக்கம் குறைந்திருக்கிறது. நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

உன் மகள் வித்யாஸ்ரீயின் கல்யாணம் தையில் மதுரையிலேயே நடக்கப்போவதை உன் சம்பந்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காய்கறிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். உங்கள் தங்கை பம்பாயில் எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்று வீட்டில் நாம் பேசும் பாஷையிலேயே அக்கறையாக விசாரித்தார். நான் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது அவளைப் பம்பாய்க்கு அனுப்பியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டியே பல வருஷமாகிறது.

போனில் நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. அப்பாவுக்கும் மனநோய், அக்காவுக்கும் மனநோய் என்று இந்த நேரத்தில் ஊருக்கெல்லாம் தெரியவேண்டுமா, ஆராய்ச்சிக்கு நான் ரத்தம் கொடுத்தால் அக்காவுக்குச் சரியாகிவிடுமா என்றாய். ஆகாது. பெங்களூரிலிருந்து வந்த ஆராய்ச்சி டாக்டரே அதை ஒளிக்காமல் சொன்னார். ஒரே குடும்பத்தில் நோய் வந்தவர், வராதவர் எல்லோருடைய ரத்தத்தையும் ஒப்பிட்டால்தான் ஏதாவது பிடிபடும், அதற்கும் பல வருஷமாகலாம் என்றார். பெயர் வெளியே போகாது. நான் கொடுத்துவிட்டேன். நீ பாக்கி. மருந்துக் கம்பெனியில் தினமும் எலிகளைக் குத்தி ரத்தமெடுக்கும் உனக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியிருக்கிறது. எலிகளுக்குச் சம்பந்தி கிடையாது, அதுதான் வித்தியாசம்.

அப்பாவைப் பேய் பிடித்தது என்று வேப்பிலையால் அடித்தார்கள். பத்மாவை அடியிலிருந்து காப்பாற்றியது ஒரு மாத்திரை. அதை யார் வீட்டு நோயாளியிடமோ சோதித்துப் பார்த்ததால்தான் நம் வீட்டு மேஜைக்கு வந்திருக்கிறது. அந்த வீட்டுத் தம்பியும் உன்னைப் போலக் கையை மடக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எம்.ஏ. முடித்து டெல்லியில் கிடைத்த வேலையை அவளுக்காக விட்டேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் வாசலோடு திரும்பினார்கள். அதையெல்லாம் உன்னிடம் கேட்கவில்லை.

அன்று பத்மாவும் ஊசிக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இதுனால எனக்குக் குணமாகுமா?" என்று டாக்டரிடம் கேட்டாள். "உங்களுக்கு ஆகாதும்மா. பின்னால வர்ற பிள்ளைகளுக்கு உதவலாம்" என்றார். "அப்ப எங்க வித்யாவுக்கு உதவும். எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க" என்று கையை நீட்டினாள். நீ ஒரு முறைகூட அவள் கண்ணில் காட்டாத பிள்ளையைச் சொல்கிறாள்.

டாக்டர் தையில் மறுபடி வருகிறார். முகூர்த்தத்துக்கு நாங்கள் வரமாட்டோம், பயப்படாதே. நீ வீட்டுக்கு வராவிட்டாலும் போகட்டும்; ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்து போ.

வித்யாஸ்ரீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும். இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை, ரவி.

அண்ணன்,
ஜனகராஜ்