பேர் எழுதாத மடல்

ஹட்டன் பஜாரில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் நானாவின் கடையில் போன கிழமை வெள்ளைச் சவர்க்காரம் முடிந்துவிட்டது. "சிவப்புத்தான் இருக்கு மிஸ், இத கொண்டுபோங்க" என்று ஒரு கட்டியைப் பையில் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகள் அதைப் பிரித்துக் கை கழுவினாள். அந்த மருந்து வாசனை குசினி வரைக்கும் வந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். அட்டை ஒன்றும் இல்லை. உங்கள் நினைவுதான் வந்தது.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, அக்கா. உங்களைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். அது உங்களுக்கும் நன்றாகத் தெரியும். உங்களுக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் வந்து இறங்கிய நாளை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் என் கணவருக்கு ஒரு கந்தோரில் நல்ல உத்தியோகம். முழுநேர ஊழியத்துக்கு ஆண்டவர் அழைக்கிறார் என்று சொல்லி அதை விட்டார். "சின்னப் பிள்ளையையும் கொண்டுபோய் அந்தக் குளிருக்குள்ள என்ன செய்யப் போறியள்?" என்று என் அம்மா மூன்று நாள் அழுதா. அவரை விட எனக்குத்தான் உற்சாகம் அதிகம் என்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். ஊழியம் என்றால் பச்சை மலையில் நின்று பாட்டுப் பாடுவது என்று நினைத்துக்கொண்டு, நல்ல சேலையாகப் பார்த்து எட்டுச் சேலை அடுக்கிக்கொண்டு வந்தவள் நான்.

வந்து பார்த்தால் வட்டவளைக்கு மேலே, உங்கள் வரிசை வீடுகள் இருந்த பணிய லயத்துக்கும் கீழே, தேயிலைத் தோட்டத்துப் பழைய கட்டடம் ஒன்றில் இரண்டு அறை. மழை பிடித்தால் விடாது. சேலைகளில் பூஞ்சணம் பிடித்தது. கணவர் விடிந்ததும் குடையோடு புறப்பட்டுவிடுவார், ஒரு நாள் டிக்கோயாப் பக்கம், ஒரு நாள் தலவாக்கலைப் பக்கம். நீங்கள் எல்லோரும் ஏழு மணிக்கு முன்னமே மலைக்கு ஏறிவிடுவீர்கள். அதற்குப் பிறகு நானும் நான்கு வயது மகளும் லயத்து நாய்களும்தான். சாயங்காலம் திரும்பி வருகிறவர்கள் "வணக்கம் பாஸ்டரம்மா" என்று சிரித்துவிட்டு நடையைக் கூட்டுவார்கள். "உள்ளுக்கு வாங்கோ" என்பேன். பின்னால் வரும் பிள்ளைகள் "வாங்கோ, வாங்கோ" என்று என்னைப் போலவே சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். மதம் மாற்ற வந்தவர்கள் என்று பெரியவர்களுக்குப் பயம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் நான் தனிமையில் செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் அம்மாவின் முற்றம்தான் கண்ணில் தெரிந்தது.

அப்படி ஒரு நாள்தான் மகளின் முழங்காலில் அட்டை ஏறியது. பிடித்து இழுத்துக்கொண்டு நான் போட்ட கூச்சல் மேட்டு லயம் வரை கேட்டிருக்கும். நீங்கள் குறுக்குப் பாதையில் கூடையோடு இறங்கி வந்தீர்கள்.

"பிச்சு எடுக்காதீங்க, ரெத்தம் நிக்காது!"

இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கின் மடிப்பிலிருந்து ஒரு துண்டு சிவப்புச் சவர்க்காரத்தை எடுத்து, எச்சில் தொட்டுத் தேய்த்தீர்கள். அட்டை சுருண்டு விழுந்தது. பிறகு மகளின் இரண்டு கால்களிலும் பாதம் வரைக்கும் பூசிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"யாழ்ப்பாணத்துல அட்ட இல்லீங்களா?"

"இல்லையக்கா."

"அப்பறம் அத விட்டுட்டு ஏன் இங்க வந்தீங்க?"

சபையில் சொல்லப் பழகிய பதில் என் வாயில் தயாராக இருந்தது. "ஆண்டவர் எங்களை அனுப்பினவர்" என்றேன்.

"அனுப்புறப்ப அட்ட இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியா அவரு?"

வந்த நாளிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். நீங்கள் போகும்போது "நாளைக்கி வந்து பேசுறேன்" என்றீர்கள். என் முகம் மாறியதைக் கண்டு ஏன் என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது, சும்மா இருந்து வாயாடுவதைக் கதைப்பது என்போம் என்று விளக்கினேன். உங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப சரி, தெனம் வந்து ஒங்கள நல்லா பேசிட்டுப் போறேன்" என்றீர்கள். சொன்னபடியே வந்தீர்கள். ஒரு மாதத்துக்குள் பாஸ்டரம்மா என்பது போய்த் தங்கச்சி ஆனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் கணவர் ஆராதனை நடத்துவார். வருகிறவர்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பிஸ்கட்டுக்காக வரும் பிள்ளைகள். நீங்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டீர்கள். பின்கதவால் குசினிக்கு வந்து அடுப்போரம் பலகையைப் போட்டு உட்கார்ந்து, "சாயத்தண்ணி ஊத்துங்க தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரரு சாமிய கூப்பிட்டு முடியட்டும்" என்று வெறுந்தேநீர் கேட்பீர்கள். ரொட்டியை எப்படித் தட்டுவது, ஈர விறகை எப்படிப் பிடிக்கவைப்பது எல்லாம் அப்போது பார்த்துப் படித்ததுதான். நான் தட்டிய முதல் ரொட்டியைச் சுவரில் தட்டிக் காட்டி மகளைச் சிரிக்கவைத்தீர்கள்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் மூத்த மகளைப் பற்றிச் சொன்னீர்கள். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர்கள். உண்மையில் அவள் யாரோ ஒருவனோடு போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. எங்கே இருக்கிறாள், உயிரோடுதான் இருக்கிறாளா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. கொழும்பில் கடையில் நின்ற உங்கள் கணவரும் தேடிக் களைத்துவிட்டார். இத்தனையையும் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னீர்கள். கடைசியில்தான் என் கையைப் பிடித்தீர்கள்.

"ஒங்க சாமிகிட்ட சொல்லுங்க தங்கச்சி. வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க."

நான் எல்லோருக்கும் சொன்னேன்.

எப்படிச் சொன்னேன் என்பதை அன்று உங்களிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். எங்களைத் தாங்குகிற சபையாருக்கு மாதம் ஒரு ஜெப மடல் அனுப்ப வேண்டும். எழுதுவது என் பொறுப்பு, அலைபேசியில் தட்டி யாழ்ப்பாணம், கொழும்பு, கனடா என்று அனுப்புவேன். மற்ற ஊழியர்களின் மடல்களில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள், நோய்கள் தீரும். என்னிடம் எழுத மூன்று பேரும் மழையும்தான் இருந்தன. "ஊழியம் எப்படிப் போகுது?" என்று விசாரிப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் கூசிப்போயிருந்தேன். அந்த மாதம் உங்களை எழுதினேன். உங்கள் பேர், மகளின் பேர், தோட்டத்தின் பேர், ஒன்று விடாமல். அழுதுகொண்டுதான் எழுதினேன். நன்றாகவும் எழுதினேன். "ஆமென்" என்றும் "கண்ணீரோடு ஜெபிக்கிறோம்" என்றும் அன்று முழுக்கப் பதில்கள் வந்தபடி இருந்தன. வந்த நாளிலிருந்து என்னை ஒருவரும் அப்படித் தேடியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. என் பிழையில் மோசமான பங்கு அதுதான்.

ஏழு நாள், ஒரு கிழமைதான். டிக்கோயாவில் யாரோ ஒருவருக்கு அது போய், அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், சுற்றி வளைத்து உங்கள் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நீங்கள் நிற்கும்போது ஒருத்தி அலைபேசியைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாளாம். அதைப் பிறகு வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று சாயங்காலம் கூடையை இறக்காமல் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். இஸ்தோப்புத் திண்ணையில் ஏறவில்லை.

"பாஸ்டரம்மா" என்றீர்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர் விழும், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பேர் என்றால் அங்கே ஒரு நாள் உழைப்பு. நீங்கள்தான் அதை எனக்குச் சொல்லித் தந்தவர்.

"மடுவத்துல கணக்கப்புள்ள எழுதுற பேரு போதாதுங்களா? நீங்களுமா என் பேர எழுதணும்?"

அவ்வளவுதான் கேட்டீர்கள். குரல்கூட உயரவில்லை. கத்தியிருந்தால் நானும் அழுது எதையாவது சொல்லியிருப்பேன். நீங்கள் திரும்பி மேலே ஏறிப் போனதை, லயத்து மூலையில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்க லயத்தில் உங்கள் காம்பராவுக்கு வந்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். "சரிங்க" என்றீர்கள். இன்னும் ஏதோ சொன்னேன். அதற்கும் "சரிங்க". பிறகு மாதக்கணக்காக அந்த மரியாதைதான். எங்கள் ஊர் அர்த்தத்திலும் சரி, உங்கள் ஊர் அர்த்தத்திலும் சரி, நீங்கள் என்னைப் பேசவே இல்லை. முதல் தனிமையில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. இந்தத் தனிமையில் கிடைத்த ஆளை நானே தொலைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்போரம் பலகையைப் பார்க்க முடியாமல் அதைக் கொண்டுபோய்க் கட்டிலின் கீழே தள்ளினேன்.

ஜெப மடல் எழுதுவதை நிறுத்தினேன். சபையிலிருந்து கேட்டார்கள், மூன்றாம் மாதம் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்கள். கணவர் ஒரு நாள், "உமக்கு ஏலாட்டிச் சொல்லும். ஊருக்குத் திரும்பிப் போவம்" என்றார். அவருக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். போவோம் என்றேன். பெட்டிகளை இறக்கி அடுக்கத் தொடங்கினேன். எட்டுச் சேலையில் ஐந்துதான் மிச்சம்.

இரண்டாம் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலையில், மழை புதிதாகப் பிடித்திருந்தது. முன்கதவைத் திறந்த மகள் "அம்மா, சவுக்காரம்!" என்று கத்தினாள். படியில், பத்திரிகைத் தாளில் சுற்றி, பாதியாக வெட்டிய ஒரு சிவப்புக் கட்டி இருந்தது. மழை தொடங்கினால் அட்டை கிளம்பும். மேலே குறுக்குப் பாதையில் நீங்கள் கூடையோடு ஏறிப் போய்க்கொண்டிருந்தீர்கள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு மகளின் கால்களுக்குப் பூசிவிட்டேன். பெட்டியைத் திரும்ப அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகும் நீங்கள் சட்டென்று இறங்கி வந்துவிடவில்லை. முதலில் மகளோடு பேசினீர்கள், பிறகு என் கணவருக்கு வணக்கம் வைத்தீர்கள். அடுத்த வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கதவால் வந்து "பலக எங்க?" என்றீர்கள். கட்டிலின் கீழிருந்து இழுத்து எடுத்துத் தந்தேன். சாயத்தண்ணி குடித்தீர்கள். உங்கள் மகளைப் பற்றி நீங்களும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை, பாஸ்டரம்மா என்றும் கூப்பிடவில்லை. "இந்தாங்க", "பாருங்க" என்று எப்படியோ சமாளித்தீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் காத்திருந்து ஏமாந்தேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகப் படுத்திருந்தபோது பஸ் பிடித்து வந்தேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினீர்கள்.

"எம் மகளுக்காக இன்னும் ஒங்க சாமிகிட்ட சொல்றீங்களா?"

"ஒவ்வொரு நாளும் சொல்றனான் அக்கா."

"பேரு சொல்லியா?"

"ஓம். பேர் சொல்லித்தான்."

கண்ணை மூடினீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

"அவருகிட்ட மட்டும் சொல்லுங்க, தங்கச்சி."

இரண்டு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். தப்பு மேளம் முழங்க உங்களைக் கொண்டுபோனார்கள். நாங்கள் ஜெபம் ஒன்றும் செய்யவில்லை, குடையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு நடந்தோம். உங்கள் மகள் வரவில்லை. பாதையில் ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் நான் திரும்பிப் பார்த்தேன்.

சபையில் ஒருவர் கேட்டார், அந்த அம்மா கடைசியில் விசுவாசித்தாவா, சாட்சியாக எழுதலாமே என்று. எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தாலும் எழுதமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது எங்கள் முன்னறையில் பதினைந்து பேர்வரை வருகிறார்கள். அடுப்போரம் ஒருவரும் வருவதில்லை. ஞாயிறு ஆராதனை நடக்கும்போது நான் அந்தப் பலகையில் உட்கார்ந்து ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றிவிடுகிறேன். பிறகு அதை நானே குடித்துவிடுகிறேன். விடியற்காலையில், லயத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் மகளின் பேரைச் சொல்கிறேன். உங்கள் பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செத்தவர்களுக்காக எங்கள் சபையில் ஜெபிப்பதில்லை, இது என் கணவருக்கும் தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது உங்கள் ஊர்ப் பேச்சுத்தான் வருகிறது.

"யாருக்கும்மா எழுதுறீங்க? மேல பேரக் காணோம்?"

"பெரியம்மாவுக்கு. பேர் எழுதினா அவ என்னைப் பேசுவா" என்றேன்.

அவள் கண்ணை விரித்தாள். "பேசுவாங்களா?"

பேனாவைத் திரும்ப எடுத்தேன், அக்கா. பேரை எழுதினால் நீங்கள் பேசுவீர்கள் என்றால், இந்தத் தாள் முழுக்க அதையே எழுதிவிடுவேன்.